பனி இடுக்கு வழியே சிவண்ணாவை இறக்கியது

ஓசூர் தொழிற்சாலையில் என் பெயர் மாதேஷ் என்பது சம்பளச் சீட்டு அடிப்பவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் நான் 'ஐஸ் சார்'. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கே பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில், ராணுவத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேன்டீனில் ஒருவர் கேட்டார். பனிமலையில் சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு ரோந்து போனேன் என்றேன். நாட்றாம்பாளையத்துக்காரர் பனியில் சறுக்கினாராமே என்று மேசை முழுக்கச் சிரித்தது. அன்று ஒட்டிய பெயர், அந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று வெளியே வருகிறவரை உதிரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்னேஷ் வீட்டுக்கு வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். எங்கள் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் இருக்கிறான். அவனும் நண்பர்கள் சிலரும் குளிர்காலத்தில் இமாசலத்துக்குப் பனிச்சறுக்குப் பழகப் போகிறார்களாம். ஏற்கெனவே ஒரு தடவை போய் அடிப்படை எல்லாம் கற்று வந்தவர்கள்தான். கம்பி வண்டியில் மேலே போய்க் கூட்டத்தோடு கூட்டமாகச் சறுக்குகிற இடம் இந்தத் தடவை வேண்டாம், வழிகாட்டியோடு நாமே ஏறி, ஆளில்லாத மலையில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கைபேசியில் ஒரு படம் காட்டினான். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு குறுகலான பனிச்சரிவு. அதில் மேலிருந்து ஒரு புள்ளி வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், இந்த மாதிரி எடத்துல நெசமாவே எறங்கியிருக்கீயளா?" என்றான்.

இறங்கியிருக்கிறேன், ஒருமுறை ஆளையே கட்டி இறக்கியிருக்கிறேன் என்றேன். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகா முறத்தோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கதையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. அப்போது சொல்லியிருந்தால் பயந்திருப்பாள். அப்புறம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. அன்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். எழுதி வையுங்கள் சார் என்று விக்னேஷ் விடாமல் கேட்டதால் இப்போது எழுதுகிறேன்.

நான் பனிச்சறுக்கு கற்கப் போனதே காது கேட்ட கோளாறால். பட்டாளத்தில் சேர்ந்த புதிது. இந்தி எனக்கு அரைகுறை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் எங்கள் பக்கத்தில் சந்தைக்குப் போனாலே வந்துவிடும். இந்திக்கு எங்கே போவது? எங்கள் அணி வடக்கே ஒரு மலை முகாமில் இருந்தது. ஒருநாள் மாலை வரிசையில் நிற்க வைத்து, ஒரு பஞ்சாபி ஹவில்தார் 'இஸ்கி'க்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். வடக்கத்தியர் வாயில் 'ஸ்கீ' என்பது 'இஸ்கி' ஆகிவிடும். என் காதில் அது 'விஸ்கி' என்று விழுந்தது. வழக்கமாகக் கிடைப்பது ரம்தான். இன்றைக்கு என்னவோ விசேஷம் போல என்று நினைத்து முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். ஹவில்தார் என் முதுகில் தட்டி, தென்னாட்டுக்காரனுக்கு இருக்கிற தைரியம் மற்றவனுக்கு இல்லையே என்று எல்லோரையும் திட்டினார். விஷயம் புரிந்தபோது என் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். சறுக்குப் பலகை என்பது ஆள் உயரத்துக்கு நீண்ட, முன்னால் வளைந்த ஒரு சோடிப் பலகை. பூட்ஸை அதில் பூட்டிவிட்டால் கால் நம்முடையது இல்லை. வளைந்து திரும்புவதில் நான் கடைசிவரை சுமார்தான். ஆனால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் சறுக்கி இறங்குவது ஒன்று உண்டு. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. திரும்பத் தெரியாதவன் வேறு எப்படித்தான் கீழே வருவான்?

அப்படித்தான் சுபேதார் பலிராமின் கைக்கு வந்து சேர்ந்தேன். மேல் இமாசலத்துக்காரர். குள்ளம். பனி விழும் ஊரில் பிறந்ததால் நடை பழகும்போதே பலகையும் பழகியவர். எங்கள் ரோந்துக் குழுவுக்கு அவர்தான் எல்லாம். என்னை 'மதராசி' என்றுதான் கூப்பிடுவார். மலை ஏறும்போது எங்கள் எல்லோரையும் அப்படித் திட்டுவார். அந்தச் சொற்களை இங்கே எழுத முடியாது. ஆனால் யாராவது விழுந்துவிட்டால் அந்தக் கணமே பேச்சு மாறிவிடும். பக்கத்தில் வந்து குனிந்து, "எழுந்திருங்க ஜி, மெதுவா எழுந்திருங்க" என்பார். விழுந்தவனுக்கு மட்டும்தான் மரியாதை. எழுந்து நின்று உடையைத் தட்டிக்கொண்டதும் மறுபடி வசவு ஆரம்பிக்கும்.

அவருடைய முறைகள் மாறவே மாறாது. கிளம்புமுன் ஒவ்வொருவருடைய பூட்ஸ் பிடியையும் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்ப்பார். கேப்டனாக இருந்தாலும் காலை நீட்டித்தான் ஆக வேண்டும். ஏறுவதற்குப் பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒட்டுவோம். அது முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அதில் ஒரு பனித்துகள் ஒட்டியிருந்தாலும் கழற்றித் துடைக்கச் சொல்வார். ஆளுக்கொரு நீளமான சிவப்புக் கயிற்றை இடுப்பில் கட்டிப் பின்னால் இழுபட விடுவோம். பனிச்சரிவில் ஆள் புதைந்தாலும் அந்தக் கயிற்றின் ஒரு முனையாவது மேலே தெரியும், அதைப் பிடித்துத் தோண்டலாம் என்பதற்காக. ஆபத்தான சரிவைக் கடக்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக வேண்டும். மற்றவர்கள் போகிறவனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

சரிவின் தலைப்பில் வந்து நின்றதும் சுபேதார் உட்கார்ந்துவிடுவார். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி, சரிவைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். குடித்து முடிகிறவரை யாரும் பேசக் கூடாது. அப்புறம் மண்வெட்டியை எடுத்துப் பனியில் நெஞ்சளவுக்குக் குழி தோண்டுவார். குழியின் சுவரைக் கையுறையால் துடைத்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும், நம்மூரில் கிணறு வெட்டும்போது மண் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் அழுத்துவார். முஷ்டி உள்ளே போனால் அது பொலபொலப் பனி. போகவில்லையென்றால் நான்கு விரல், அப்புறம் ஒரு விரல், அப்புறம் பென்சில். கெட்டியான அடுக்குக்குக் கீழே பொலபொல அடுக்கு இருந்தால் மேலே உள்ளது வழுக்கிச் சரியும் என்று அவர் முகம் இறுகிவிடும். கடைசியாக ஒரு பனிக்கட்டையை அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மேலிருந்து தட்டுவார். முதலில் மணிக்கட்டால், அப்புறம் முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்து. தோள் அடிக்கும் அசையாமல் நின்றால்தான் பலகையைக் கீழ்நோக்கித் திருப்புவார்.

பல நாள் அது அசைந்துவிடும். திரும்பு என்பார். நாங்களும் திரும்புவோம். அதனால் மற்ற முகாம்களில் அவருக்குப் 'பாதி வழி சுபேதார்' என்று பெயர்.

புதிதாக வந்த ஓர் இளம் கேப்டனுக்கு இது பிடிக்கவில்லை. ஒருமுறை போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, நடுவில் ஒரே ஒரு சரிவு. சுபேதார் முழங்கையால் தட்டியதும் கட்டை வழுக்கி விழுந்தது. திரும்பலாம் சாகிப் என்றார். கேப்டன் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். சுபேதார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உத்தரவு போடுங்க சாகிப், நான் போறேன். ஆனா என் பசங்க இங்கேயே நிப்பாங்க." கேப்டன் சரிவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்தச் சரிவு அந்தக் குளிர்காலம் முழுக்கச் சரியவே இல்லை. கேப்டன் அதைத் தினமும் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் அங்கேயேதான் இருக்கு சுபேதார் சாகிப்" என்று கிண்டல் செய்வார். சுபேதார் கோபப்பட்டதில்லை. சரியாமல் இருந்தால் நல்லதுதானே சாகிப் என்பார்.

அந்தக் குளிர்காலத்தின் பின்பகுதியில் நாங்கள் மலைமுகட்டில் ஒரு காவல் சாவடியில் இருந்தோம். கேப்டன், சுபேதார், நான், லடாக்கைச் சேர்ந்த நோர்பு, மருத்துவ உதவியாளர் பிஜு, இன்னும் சிலர். சமையல் செய்யும் ஆள் விடுமுறையில் போயிருந்ததால் முறை வைத்துச் சமைத்தோம். என் முறை வந்தால் பலர் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

சமையல்காரர் சிவண்ணா கனகபுராப் பக்கம். எங்கள் ஊர்க் காட்டைத் தாண்டினால் காவிரி, காவிரியைத் தாண்டினால் அவர் ஊர். என்னைவிட மூத்தவர். இரண்டு பேரும் கன்னடத்தில் பேசிக்கொள்வோம். என் கன்னடத்தைக் கேட்டு அவர் முகம் சுளிப்பார். விடுமுறை முடிந்து வருகிறவர் நடு உயரத்தில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். சிவண்ணாவோ, வானிலை கெடப்போகிறது, அதற்குள் போய்விட்டால் பசங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று அவசரப்பட்டுக் கடைசி ஹெலிகாப்டரில் ஏறி வந்துவிட்டார். வந்து இறங்கியதும் பனிப்புயல் ஆரம்பித்தது.

முதலில் தலைவலி என்றார். அப்புறம் இருமல். புயல் ஓய்ந்த காலையில் அவரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் காதை வைத்தால், பாதி நிறைந்த குடத்தை ஆட்டுகிற மாதிரி நெஞ்சுக்குள் தண்ணீர் சலசலத்தது. உயரத்தால் நுரையீரலில் நீர் சேரும் நோய் அது. பிஜு கேப்டனிடம் வந்து, கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்துவிட்டேன், ஆக்சிஜன் மதியத்துக்குமேல் வராது என்றார். "இவருக்கு உயரம் கொறயணும் சார். கீழ எறக்கறதுதான் உண்மையான மருந்து. நாளைக்கு எறக்கிப் பிரயோஜனமில்ல."

வானம் பளிச்சென்று இருந்தது. ஆனால் முகட்டில் அடித்த காற்றில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்று கம்பியில்லாத் தந்தியில் சொல்லிவிட்டார்கள். வழக்கமான பாதை ஒன்று உண்டு. அது முதலில் இன்னும் மேலே ஏறி, ஒரு கணவாயைத் தாண்டி, புதுப்பனி குவிந்து கிடக்கும் பெரிய சரிவுகளைக் கடந்து போகும். ஏற்றினால் அவர் பிழைக்க மாட்டார். குவிந்த பனி உடைந்தால் நாங்கள் பிழைக்க மாட்டோம்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. எங்கள் சாவடிக்குப் பக்கத்திலேயே மலை பிளந்த மாதிரி ஓர் இடுக்கு. பட்டாளத்தில் இதை 'நாலா' என்பார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் செங்குத்தாகப் பனி, நேராகப் பள்ளத்தாக்கில் போய் விழும். அடியில் மருத்துவர் இருக்கும் முகாம். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று குளிர்காலம் பூராவும் எங்களைத் தடுத்து வைத்திருந்தவர் சுபேதார்தான்.

இப்போது அவரே அதன் தலைப்பில் போய் உட்கார்ந்து தேநீர் குடித்தார். நாங்கள் பின்னால் நின்றோம். உள்ளே சிவண்ணா இருமுவது கேட்டது. அவர் அவசரப்படவில்லை. குடித்து முடித்து, இடுப்பில் கயிறு கட்டி, எங்களைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முதல் பாறைவரை இறங்கிக் குழி தோண்டினார். இரண்டு நாள் காற்று அந்த இடுக்கின் புதுப்பனியை வாரிக்கொண்டு போயிருந்தது. அடியில் பழைய பனி இறுகிக் கிடந்தது. தோள் அடிக்கும் கட்டை அசையவில்லை. அவர் இன்னும் கீழே போய் இன்னொரு குழியும் தோண்டிவிட்டு மேலே வந்தார்.

"போலாம் சாகிப்" என்றார்.

கேப்டன் ஒரு கணம் நம்பவில்லை. "நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். நிழல் இருக்கறவரைக்கும் போலாம். வெயில் உள்ள இறங்கிப் பனி இளகிட்டா நானே வேணாம்னுடுவேன்."

அதற்குப்பின் யாரும் யோசிக்கவில்லை. உபரியாக இருந்த இரண்டு சோடிப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே கட்டைகளைக் கட்டிச் சறுக்கு வண்டி செய்தோம். மேலே மெத்தை, அதன்மேல் தூங்கும் பையில் சிவண்ணா. கால் கீழ்ப்பக்கம், தலை மேல்பக்கம். முதுகுக்கு மூட்டை வைத்துப் பாதி உட்கார்ந்த நிலையில் கட்டினோம், படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால். வண்டியின் முன்னால் இரண்டு நீளக் கழிகள். அவற்றுக்கு நடுவே நின்று, பக்கவாட்டில் சறுக்கி, வண்டியின் பாரத்தைத் தாங்கி இறக்க ஒரு ஆள் வேண்டும். பின்னால் கயிற்றைப் பாறையில் சுற்றித் தளர்த்தித் தளர்த்தி விட சுபேதாரும் நோர்புவும். பிஜு ஆக்சிஜனோடு பக்கத்திலேயே பனிக்கோடாலி ஊன்றி இறங்குவது.

முன்னால் நிற்க சுபேதார் என்னைக் கைகாட்டினார். "மதராசி, உனக்கு ரெண்டு வேலை. வண்டிய நிறுத்தி நிறுத்தி இறக்கு. இவர் பேச்ச நிறுத்த விடாதே. தூங்கிட்டார்னா எழுப்ப முடியாது. இவர் பாஷை உனக்குத்தான் தெரியும்."

விளிம்பைத் தாண்டியதும் வண்டியின் எடை முழுக்க என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. பலகை விளிம்பு பனியில் கரகரவென்று தேய்ந்தது. ஒரு கயிறு நீளம் இறங்குவோம், ஒரு பாறையை ஒட்டி நிற்போம், சுபேதாரும் நோர்புவும் இறங்கி வந்து அடுத்த பாறையில் கயிற்றைச் சுற்றுவார்கள், மறுபடி இறங்குவோம். நான் திரும்பித் திரும்பிச் சிவண்ணாவிடம் கன்னடத்தில் பேசினேன். ஊரைப் பற்றிக் கேட்டேன், மகளைப் பற்றிக் கேட்டேன். கண் சொருகிக்கொண்டே போனது. என்ன சொன்னால் இந்த மனுசனுக்குக் கோபம் வரும் என்று யோசித்தேன்.

கேழ்வரகு களி. அவர்கள் அதை முத்தெ என்பார்கள், மாவு மட்டும் போட்டுக் கிண்டுவார்கள். எங்கள் பக்கம் அரிசி நொய்யை வேகவிட்டு அதில் மாவைப் போடுவோம். இது சாவடியில் எங்களுக்குள் தீராத சண்டை. "சிவண்ணா, நொய் போடாத முத்தெயெல்லாம் ஒரு முத்தெயா? சுவத்துக்குப் பூசற மண்ணு" என்றேன். தூங்கும் பைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. இல்லை இல்லை என்று ஆடியது. அதற்குப்பின் இடுக்கு முழுக்க நான் களியைப் பற்றியேதான் பேசினேன். சுபேதார் மேலிருந்து, அப்படி என்னதான் பேசுகிறான் என்று பிஜுவைக் கேட்டாராம். காதில் விழுந்த முத்தெயை வைத்து, சமையல் குறிப்பு என்றாராம் பிஜு.

பாதிக்குக் கீழே அந்த இடுக்கு கழுத்து மாதிரி நெருங்கியது. என் பலகையின் நீளம்தான் அகலம். அடியில் பனி இல்லை, வெறும் ஐஸ். பலகையின் முனை ஒரு சுவரில் உரச, வால் மறு சுவரில் உரச, அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அதன் நடுவில் மேலிருந்து நோர்பு கத்தினான். கயிறு தீர்ந்துவிட்டது. அடுத்த பாறை எனக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, எட்டவில்லை. அவர்கள் இறங்கி வந்து புது இடத்தில் கயிற்றைச் சுற்றுகிறவரை வண்டியை நான் மட்டும்தான் தாங்க வேண்டும்.

பாறைப் பிளவு ஒன்றில் பனிக்கோடாலியைச் செருகி, பிஜு அதில் ஒரு பட்டையை மாட்டி வண்டியோடு கட்டினார். அது தாங்குமா என்று இருவருக்கும் தெரியாது. மேலே கயிறு தளர்ந்தது. என் தொடை நடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் உஸ்ஸென்று ஒரு சத்தம். முகட்டுக் காற்று தள்ளிவிட்ட தளர்பனி, மாவு மூட்டை அவிழ்ந்த மாதிரி இடுக்கு வழியாகக் கொட்டிக்கொண்டு வந்தது. பெரிய சரிவு இல்லை, முழங்கால் அளவுதான். ஆனால் நிற்காமல் வந்தது. சிவண்ணாவின் முகத்தை மூடிவிடக் கூடாதென்று இடுப்பைத் திருப்பி மேல்பக்கமாக வளைந்து அவர்மேல் கவிழ்ந்தேன். பனி என் முதுகில் மோதி இரண்டு பக்கமும் ஓடியது. காலை மட்டும் அசைக்கவில்லை. பலகை விளிம்பு ஐஸை விட்டுவிட்டால் எல்லோரும் ஒன்றாகப் போய்விடுவோம்.

பனி நின்றதும் பிஜு ஆக்சிஜன் முகமூடியைத் துடைத்தார். "சிவண்ணா, நொய் போடணும்" என்றேன். விரல் வரவில்லை. மறுபடி சொன்னேன். வரவில்லை. பிஜு கழுத்தில் கை வைத்துப் பார்த்து, இருக்கார், விடாம பேசு என்றார். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதுகொண்டே களி கிண்டியிருப்பேன்.

அப்போது பக்கத்தில் ஒரு நிழல் வழுக்கி வந்து நின்றது. சுபேதார். "மாதேஷ் ஜி, அப்படியே நில்லுங்க. வந்துட்டேன். கயிறு போட்டாச்சு" என்றார். விழுந்தவனுக்குத்தானே இவர் மரியாதை கொடுப்பார்? நான் விழுந்துவிட்டேனா என்று குனிந்து காலைப் பார்த்தேன். கால் நின்றுகொண்டுதான் இருந்தது. கயிறு இறுகி, இடுப்பிலிருந்து பாரம் ஏறி மேலே போனது.

கழுத்தைத் தாண்டியதும் மலை கையை விரித்த மாதிரி அகன்றது. கீழே சாய்வான, மெத்தென்ற பெரும் பரப்பு. சுபேதார் முகட்டைத் திரும்பிப் பார்த்தார். வெயில் இடுக்கின் தலையைத் தொட்டுவிட்டிருந்தது. "இனி நிக்காதே, விடு" என்றார். பலகைகளைக் கீழ்நோக்கித் திருப்பினேன். திரும்பத் தெரியாத நான் அன்று திரும்பினேன். வண்டி பின்னால் சரசரவென்று ஓடி வர, காற்று காதில் விசிலடிக்க, பள்ளத்தாக்கு எங்களை நோக்கி ஏறி வந்தது. இறங்க இறங்கக் காற்று கனத்து, எனக்கே மூச்சு இலகுவானது தெரிந்தது.

முகாமின் கூடாரங்கள் தெரிந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தபோது முதுகுக்குப் பின்னால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"ஏய்... முத்தெகெ அக்கி ஹாக்கல்லப்பா."

முத்தெக்கு அரிசி போட மாட்டார்களாம். நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன். சுபேதார் வந்து, என்ன சொல்கிறார், ஏதாவது வேண்டுமாமா என்று கவலையோடு கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டு, உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வழக்கமான வசவில் ஒன்றை எடுத்துவிட்டார்.

சிவண்ணா தேறிவிட்டார். சமவெளியில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபின் ஒருமுறை நாட்றாம்பாளையத்துக்கு வந்து எங்கள் வீட்டில் களி சாப்பிட்டு, அதில் நொய் இருப்பதைக் கடைசிக் கவளம்வரை குறை சொன்னார். அன்று அவர்மேல் கோபத்தில் இருந்த மல்லிகா, விக்னேஷுக்குச் சொன்ன கதை முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த மனுசனா? அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு களி போட்டிருப்பனே" என்றாள்.

விக்னேஷ் என்னையும் வரச் சொன்னான். முட்டி போய்விட்டது, வயசாகிவிட்டது என்று தட்டிக் கழித்தேன். மல்லிகாதான் விடவில்லை. பாரூர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். அவள் பார்த்த பனியெல்லாம் மார்கழிக் காலையில் கரும்புத் தோகைமேல் படிவதுதான். "நீங்க போங்க, நானும் வர்றேன். இத்தன வருசமா பனி பனின்னு கேட்டுக்கினே இருக்கறன், ஒரு தரம் மிதிச்சுப் பாக்கறன்" என்று ஸ்வெட்டர் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

வழிகாட்டி ஒரு இமாசலப் பெண், எங்கள் பெரிய மகள் வயது. என்னை முதல் சில நாள் சாதாரணச் சரிவில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே அழைத்துப் போக ஒப்புக்கொண்டாள். சிவப்புக் கயிறு காலம் போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு சிறு கருவியை மார்பில் கட்டிவிடுகிறார்கள். புதைந்தால் அது விடாமல் துடிக்கும், மற்றவர் கருவி அதைத் தேடிக் காட்டும். அதன் பக்கத்தில் கைபேசியை வைக்கக் கூடாது, சமிக்ஞை குழம்பும் என்று என் சட்டைப் பையிலிருந்து எடுத்து வேறு பையில் போட்டாள். என் பலகைப் பிடி ஒரு சுற்றுத் தளர்ந்திருப்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். "அங்கிள், நீங்க மூணாவது. நான் கை காட்டினாத்தான் கிளம்பணும்" என்றாள் இந்தியில். சரிங்க மேடம் என்றேன்.

ஏறிப் போன இடம் ஒரு சின்ன இடுக்கு. பழைய நாலாவோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனாலும் தலைப்பில் நின்று குனிந்து பார்த்துவிட்டு, பூட்ஸ் பிடியை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தேன். அவள் குழி தோண்டி அடுக்குகளைப் பார்த்தாள், தட்டினாள், முதலில் இறங்கினாள். விக்னேஷ் இரண்டாவது. கீழே நின்று கையைத் தூக்கினான். வழிகாட்டி கை காட்டினாள்.

இந்தத் தடவை பின்னால் வண்டி இல்லை, கயிறு இல்லை, யார் உயிரும் என் இடுப்பில் இல்லை. விளிம்பைத் தாண்டினேன். முதல் வளைவு கோணலாகத்தான் வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் முழங்கால் தானாக மடங்கித் தானாக நிமிர்ந்தது, பனி இரண்டு பக்கமும் விசிறியாக எழுந்தது, என் வாயிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. பட்டாளத்தில் அத்தனை குளிர்காலம் இறங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சும்மா இறங்கியதில்லை. இடுக்கு முடிந்து அகன்ற சரிவு வந்தபிறகும் நிற்க மனம் வரவில்லை. மல்லிகா அடிவாரத்தில் எங்கள் கூடாரத்துப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற இடம்வரை ஓடி வந்து, அவள் காலடியில் பனியை வாரி இறைத்து நின்றேன்.

அவள் பனியைத் தட்டிவிடவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"குளுருல கஷ்டப்படறன் கஷ்டப்படறன்னு லெட்டரு எழுதுவீங்களே" என்றாள். "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க?"

விக்னேஷ் வழிகாட்டிப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவள் கைக்கோலில் சாய்ந்து சிரித்தாள். மல்லிகா அதற்குள் கம்பளியை மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, புடவைக்கு மேலே போட்டிருந்த பெரிய கால்சட்டையின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கால் அளவுக்கு அந்த பூட்சு இருக்குதான்னு அந்தப் பொண்ணக் கேளுங்க."